அவருடைய கையும் மச்சாளின் கதிரை யோகாவும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தனான். நான்கு என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. ஆறு பேருக்கும் ஒரே சட்டியில் சோறு, ஒரே பூவரசம் தடியால் அடி. ஒருவரும் கெட்டுப்போகவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. ஆனாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன், ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அவசரம் ஒன்றுமில்லை. கொப்பி பேத்தியுடையது. பின்பக்கம் வெறுமையாய்க் கிடந்தது.

எழுதப் போவது என் மச்சாளைப் பற்றி. இவருடைய, அதாவது என் புருசனுடைய, ஒரே தங்கச்சி. அவவில் எனக்கு எரிச்சல். அதை முதலே சொல்லிவிட்டால் வாசிக்கிற ஆளுக்கும் சுகம், எனக்கும் சுகம்.

ஆனால் இவரைப் பற்றிச் சொல்லாமல் அவவைப் பற்றிச் சொல்ல ஏலாது. இவர் துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை செய்தவர். கப்பலின் வயிற்றுக்குள் கிடக்கிற சாமான், மேலே கிரேனுக்குள் இருக்கிறவனுக்குத் தெரியாது. இடையில் ஒருவர் நின்று கையால் சொல்ல வேண்டும். பெருவிரலை மேலே நிமிர்த்தினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. கையைப் பொத்தினால் அப்படியே நில். இரண்டு கையையும் குறுக்கே வீசினால் ஆபத்து, எல்லாத்தையும் நிற்பாட்டு. வாயால் கத்திப் பிரயோசனமில்லை, அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது. முப்பது வருடம் அதற்குள் நின்றவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. வலது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால் பாதி விளங்கும். மிச்சத்தை முகத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வார்.

நாங்கள் யோகா பழகியதும் அந்த வேலையால்தான். பிள்ளைகள் சின்னனாய் இருந்த காலம், இவருக்கு நாரி பிடித்து, முதுகு வளையாமல், இடுப்பில் சாரம் கட்டக்கூட ஏலாமல் போனது. கோயில் மண்டபத்தில் ஒரு வாத்தியார் பின்னேரங்களில் ஆண்களுக்கு யோகா பழக்கினார். அங்கே போய்ப் பழகிக்கொண்டு வந்து, விடிய வெள்ளென விறாந்தையில் பாய் விரித்துச் செய்வார். நான் குசினிக்குள் அடுப்பை ஊதிக்கொண்டே பார்ப்பேன். பார்த்துப் பார்த்து எனக்குப் பாடமாகிவிட்டது. ஒரு நாள் என் பாயையும் கொண்டுபோய் அவருடைய பாய்க்குப் பக்கத்தில் விரித்தேன். அவர் கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டார். பெருவிரலை நிமிர்த்தினார். மூச்சை உள்ளே இழுத்தேன். கையைப் பொத்தினார். அடக்கினேன். கையைக் கவிழ்த்தார். விட்டேன். எனக்கு நடந்த யோகா வகுப்பு அவ்வளவுதான்.

வாத்தியார் சொல்லிவிட்ட சட்டம் மூன்று. வெறுவயிறு. கதை கூடாது. பன்னிரண்டு ஆசனம், அந்த ஒழுங்கில், அதற்குள் வேறொன்றையும் கலக்கக் கூடாது. முப்பத்தெட்டு வருடம் அந்த ஒழுங்கை நான் பிசகவிடவில்லை. பிள்ளைப்பேற்றுக்கும் செத்தவீட்டுக்கும் விட்டதைத் தவிர ஒரு நாளும் விடவில்லை. இந்த ஒழுங்கையில் இருக்கிற வீடுகளில் எழுபது தாண்டியும் சர்வாங்காசனம் செய்கிற பெண்பிள்ளை வேறு இருந்தால் வந்து காட்டட்டும். நான் காலை மேலே தூக்கி நிற்கிறபோது, ஆடு மாடு மாதிரி எங்கள் ஊர்த் தெருவில் திரிந்து, வேலிக்கு வெளியே வாழைப்பழத் தோல் தின்ன வருகிற மான்கள்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போகும்.

போன வருடம் இவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் தகடு வைத்தார்கள். இனிக் கீழே பாயில் இருக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லி, பிடித்து நடக்க ஒரு வோக்கரும் தந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு எனக்குக் கை காட்டினார். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அவர் விழுந்ததில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. முன்பு அவர் தானும் செய்துகொண்டு இடையிடையே காட்டுவார். இப்போது அந்தக் கை முழுக்க எனக்கு. கம்பிக் கயிறு வெட்டி நகம் பிளந்த அந்தப் பெருவிரல் எழும்பினால்தான் எனக்கு விடியும்.

அந்த நேரத்தில்தான் மச்சாள் கனடாவிலிருந்து வந்து இறங்கினா.

அவவுக்கு அறுபத்தாறு. புருசன் தவறி ஒரு வருடம். நான்கு மாதம் தமையனோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவ. பாவம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெட்டியைத் திறந்தால் சேலையைவிட யோகாச் சாமான் கூட. கத்தரிக்காய் நிறத்தில் ஒரு றப்பர் பாய். இரும்புக் கொளுக்கி வைத்த ஒரு பட்டி. செங்கல் அளவில் இரண்டு கட்டை. நான் அதைச் சவர்க்காரக் கட்டி என்று நினைத்துக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவவுக்கு ஒரு வாத்தியார் இல்லை, நாலைந்து பேர். ஒரு இடத்தில் அறையைச் சூடாக்கி வைத்து வேர்க்க வேர்க்கச் செய்வார்களாம். இன்னொரு இடத்தில் பட்டியும் கட்டையும் வைத்து, கால் எட்டாத ஆட்களையும் எட்டவைப்பார்களாம். சனிக்கிழமைகளில் வயது போனவர்கள் கதிரையில் இருந்தபடி செய்வார்களாம். இது எல்லாவற்றிலும் பிடித்ததைப் பிடித்ததை எடுத்து, போனில் ஒரு பாட்டையும் போட்டு, வீட்டில் தன்பாட்டில் கலந்து செய்கிறா. வந்து இரண்டாம் கிழமை, பக்கத்து ஊர் உப்புவெளியில் வெள்ளைக்காரர் கடற்கரையில் யோகா செய்கிறார்கள் என்று என் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து, அங்கேயிருந்தும் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டா. தலையணையை நாரிக்குக் கீழே வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் கிடக்கிறது. அதுவும் யோகாவாம். சூட்டு யோகாவைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் குசினியில் விறகு அடுப்போடு நான் செய்யாத சூட்டு யோகாவா.

ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கிற நேரம் சொல்லியும்விட்டேன்.

"மச்சாள், உங்கட யோகா நேற்றைய கறியெல்லாத்தையும் ஒண்டாப் போட்டு வத்தவைச்ச சுண்டக் கறி."

அவவுக்குக் கோபம் வரவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னா:

"ஓம் மச்சாள். ஆனா இந்த வீட்டில சுண்டக் கறிக்குத்தானே எப்பவும் அடிபிடி."

அது உண்மை. இவருக்குச் சுண்டக் கறி என்றால் உயிர். நான் கோப்பைகளை அள்ளிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

அடுத்த நாள் விடிய நான் என் பாயில் செய்துகொண்டிருக்கிறேன். இவர் கதிரையில். மச்சாள் சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் போட்டா. இரண்டு கையையும் மேலே உயர்த்திக் காட்டினா. அவரும் உயர்த்தினார். பக்கத்துக்குத் திரும்பிக் கதிரையின் முதுகைப் பிடித்தா. அவரும் பிடித்தார். பட்டியை அவருடைய பாதத்தில் மாட்டிவிட, அவர் அதை இழுத்துக் காலை நீட்டினார். விழுந்த நாளிலிருந்து நீளாத கால். சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

நான் அந்த நேரம் சர்வாங்காசனத்தில், கால் மேலே, தலை கீழே. இறங்குகிற நேரம் வந்துவிட்டது. அவருடைய கையைத் தேடினேன். கை அங்கே இல்லை, பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானாக இறங்கினேன். அவர் பக்கத்தில் இருக்க நானாக இறங்கினது முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை.

அதையும் பொறுத்தேன். அவருக்குக் கால் நீளுகிறது, நான் அதற்கும் எரிச்சல்பட்டால் மனிசியா என்று என்னை நானே கேட்டேன். ஆனால் மூன்றாம் நாள் நடந்ததைப் பொறுக்க ஏலாது. மச்சாள் அவருக்கு முன்னால் நின்று கையை உயர்த்தினா. அவர் பெருவிரலை நிமிர்த்தினார். அவவுக்கு. அவ மூச்சை இழுத்தா. அவர் கையைப் பொத்தினார். அவ நின்றா. பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்ல மெல்ல, எனக்குக் காட்டுகிற அதே மெதுவில் இறக்கினார்.

பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கவனித்தாரோ தெரியாது.

வேறு வீடென்றால் ஒரு பெண் புருசனிடம் மெதுவாய்க் கேட்டுவிடுவாள், உங்கள் கை எனக்கா அவவுக்கா என்று. இந்த வீட்டில் அது நடக்காது. அவருக்குக் கேட்கச் சொன்னால் குசினியில் நிற்கிற மச்சாளுக்கும் கேட்கும், அடுத்த வீட்டுக்கும் கேட்கும், சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிற ஆளுக்கும் ஒழுங்கை முகப்பிலேயே கேட்கும். எழுபத்து மூன்று வயதில் நாத்தனார்ப் பொறாமையை ஊருக்கு விளம்பரம் செய்யலாமா? அதனால் கேட்காமலேயே எரிந்தேன்.

அடுத்த நாளிலிருந்து உள்ளறையில் தனியே செய்தேன். கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு. காற்றுக்காக இல்லை. மச்சாளுக்குக் காது உடைந்த கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தேன். இடியப்பத்தில் உடைந்ததைப் பார்த்து அவவின் தட்டில் வைத்தேன். அவ இரண்டையும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் கதைக்கவில்லை. தனியே செய்கிறபோது மூச்சு சரிவரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு வருகிறபோது மனம் உலையில் இருக்கிற அரிசிக்குப் போய்விடும். இவ்வளவு நாளும் யோகா தெரிந்த ஆள் என்று நிமிர்ந்து நடந்தேன். எனக்குத் தெரிந்தது அவருடைய கையைப் பார்க்க மட்டும்தானோ என்று பயம் வந்தது.

பயம் வந்தால் எனக்குப் புத்தி குறையும். கலக்கிறதுதான் அவருக்குப் பிடிக்கிறதென்றால் நானும் கலந்து காட்டுகிறேன் என்று நினைத்தேன். அவவைவிட நன்றாக.

ஒரு வெள்ளிக்கிழமை விடிய மச்சாள் கோயிலுக்குப் போய்விட்டா. இவர் விறாந்தையில். நான் உள்ளறையில் மச்சாளின் கட்டை இரண்டையும் எடுத்து வைத்தேன். பட்டியைத் தொட மனம் வரவில்லை. பழைய சேலையில் நீளமாய் ஒரு துண்டு கிழித்தேன். ஒரு தலைப்பை யன்னல் கம்பியில் கட்டி, மல்லாக்கப் படுத்து, வலது காலை யன்னல் பக்கம் உயர்த்தி, மற்றத் தலைப்பைப் பாதத்தில் முடிச்சுப் போட்டு மாட்டினேன். நாரிக்குக் கீழே உப்புவெளித் தலையணை. பட்டி, கட்டை, தலையணை, என்னுடைய மூச்சு, எல்லாம் ஒன்றாய். காலுக்குப் போட்ட முடிச்சு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல முடிச்சு. கலியாணம் முடித்த புதிதில் கிணற்று வாளி அடிக்கடி கழன்று விழுகிறதென்று இவர் பழக்கித் தந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற சுருக்கு. பாரம் தொங்கத் தொங்க இறுகும். பாரத்தைத் தூக்கிக் கொடுத்தால்தான் இளகும்.

பாரம் என் கால் என்பதை நான் யோசிக்கவில்லை.

இரண்டு நிமிடம் நன்றாய்த்தான் இருந்தது. பிறகு தொடையில் நரம்பு இழுத்துப் பிடித்தது. காலை உயர்த்தினால் சுருக்கு இளகும், எனக்குத் தெரியும். ஆனால் கால் உயரவில்லை. பாரம் முழுதும் சேலையில் விழ, சுருக்கு கணுக்காலைக் கடித்தது. எழும்ப ஏலாது, திரும்ப ஏலாது. கூப்பிட்டேன். யாரைக் கூப்பிடுகிறது? கதவிடுக்கால் இவருடைய தோள் தெரிகிறது, பத்தடி தூரம். நான் கத்துகிறேன், அவர் துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

கைக்கு எட்டின கட்டையை எடுத்துக் கதவிடுக்கால் எறிந்தேன். அது போய் அவருடைய வோக்கரில் பட்டது. திரும்பினார். நான் கிடந்தபடியே இரண்டு கையையும் குறுக்கே வீசினேன். ஆபத்து. எல்லாத்தையும் நிற்பாட்டு.

அவர் எழும்பிய வேகத்தை அந்த டொக்டர் பார்த்திருக்க வேண்டும். வாசல் வரைக்கும் வந்துவிட்டார். ஆனால் குனிய ஏலாது, வோக்கரை விட ஏலாது. தங்கச்சியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். நல்லகாலம், மச்சாள் அப்போதுதான் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தா. திருநீற்றுத் தட்டையும் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்து, என் காலில் முடிச்சை நகத்தால் கிளறினா. அது இன்னும் இறுகியது.

"முடிச்சைத் தொடாத. காலைத் தூக்கு," என்றார் இவர்.

ஒரு கையால் வோக்கரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை உயர்த்தினார். பெருவிரல் மேலே. மச்சாள் என் காலை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினா. கையைப் பொத்தினார். அவ நிறுத்தினா. இன்னும் கொஞ்சம், பெருவிரல். பொத்தல். சேலை தளர்ந்தது. சுருக்கு தானாக விரிந்து என் பாதத்தைவிட்டுக் கழன்றது. பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, அசைத்து அசைத்து, கண்ணாடிச் சாமான் பெட்டி இறக்குகிற மாதிரி, அவ்வளவு மெதுவாய் என் காலைத் தரையில் இறக்குவித்தார். அந்தக் கை அசைந்த அசைவுக்கே என் மூச்சு போனது வந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை.

அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கை தங்கச்சியின் பக்கம் இருந்தது. கண் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை. என் காலிலேயே இருந்தது.

மச்சாள் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து காலைத் தேய்த்துவிட்டா. என்ன செய்தீங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிழிந்த சேலையைப் பார்த்தா, தன் கட்டையைப் பார்த்தா, எடுத்துக்கொண்டு போனா. மத்தியானம் மகள் வந்தபோது எனக்குக் கால் உளைவு என்று மட்டும் சொன்னா. அவ சொல்லிச் சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். சொல்லாமல் விட்டதில் என் எரிச்சல் கூடியது. பெருந்தன்மையிலும் அவவே முந்திவிட்டா.

பின்னேரம் விறாந்தையில் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். இனி அடக்க ஏலாது. வாய் திறக்காமல் அவருடைய வலது கையைப் பிடித்து உயர்த்தினேன். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். குசினிப் பக்கம் காட்டினேன். புருவத்தை உயர்த்தினேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. கொஞ்ச நேரம் சிரிப்பை அடக்கினார். நான் கையால் ரகசியமாய்க் கேட்டதற்கு, காது கேளாத மனிசன் தன் குரலின் உயரம் தெரியாமல் பதில் சொன்னார்:

"இஞ்சேரும். கை எப்பவும் கிரேனுக்கு. கண் பாரத்தில. முப்பது வருசம் நான் ஒரு சாமானையும் விழவிடேல்லை. உம்மை விடுவனே?"

குசினிக்குள் ஒரு சட்டி விழுந்தது. அடுத்த நாள் மீன்காரன் சூரை மீனை வெட்டித் தந்துவிட்டு, "ஐயா பாரத்தை நல்லாப் பார்த்துக்கொள்ளுறாராம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினான். நான் கேட்காத மாதிரி நின்றேன். ஆனால் அன்றைக்கு நான் மீன் கழுவின கழுவலைப் பார்த்திருந்தால் தெரியும், எனக்கு எவ்வளவு பெருமை என்று.

இப்போது என் பாய் திரும்பவும் விறாந்தையில். மூன்று பேரும் செய்கிறோம். என் பன்னிரண்டில் எட்டு இருக்கிறது. நான்கை விட்டேன், அது கால் உளைவுக்காக, மச்சாளுக்காக இல்லை. அந்த இடத்தில் அவவின் பட்டி ஒன்று, கதிரையைப் பிடித்துத் திரும்புகிறது ஒன்று, முடிவில் உப்புவெளித் தலையணை. பட்டி அவவுடையதுதான், கொளுக்கி வைத்தது. நான் முடிச்சுப் போடுவதில்லை. வாத்தியார் இருந்தால் ஏசுவார். ஆனால் மூச்சு எங்கள் வீட்டு மூச்சு. கனடாப் பாட்டை நிற்பாட்டியாயிற்று. அவர் கை உயர்ந்தால்தான் மச்சாளும் இழுக்க வேண்டும், கவிழ்ந்தால்தான் விட வேண்டும். அவ அவசரக்காரி, முந்திவிடுவா. அப்போது எனக்கு ஒரு சந்தோசம் வரும், அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் கதிரையில் செய்கிற நேரம் அவருக்கு யார் கை காட்டுகிறது என்று ஒரு கேள்வி வந்தது. மச்சாள் கையை உயர்த்தப் போனா. அவர் என் பக்கம் திரும்பினார். அதனால் நான்தான் காட்டுகிறேன். ஆபத்து என்று நான் அன்றைக்குச் சரியாய்க் காட்டினேன் என்று அவர் மகளிடம் சொன்னாராம்.

மச்சாள் போகிற நாளை நான் கலண்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். போன கிழமை பிளேன் ரிக்கட்டை இரண்டு மாதம் தள்ளிப் போட்டுவிட்டா. போனாலும் போனில் முகத்தைக் காட்டி அண்ணைக்குக் கதிரை யோகா சொல்லித் தருவாவாம். அவர் தலையாட்டுகிறார். இன்னும் ஒன்று. அந்த மூன்றாம் நாள் அவர் அவவுக்குக் கை காட்டினாரே, அப்போது அங்கே பாரம் என்று ஒன்றும் தொங்கவில்லை. அன்றைக்குக் கண் எங்கே இருந்தது? அதை நான் இன்னும் கேட்கவில்லை. கேட்பேன்.

எழுதி முடிந்தது, பேத்தியைக் கூப்பிடுகிறேன். பிள்ளை, இஞ்ச வா. பல்லு விளக்கினது போதும். இதை ஒருக்கா முதலிலயிருந்து வாசி, நான் எழுதினது சரியோ எண்டு பாப்பம். அம்மப்பாவின்ர வலது காதுக்குக் கிட்ட இருந்து வாசி, அவருக்கும் கேக்கட்டும். யன்னல்ல நான் கால் கட்டின இடம் வந்தா மட்டும் குரலைக் குறை. குசினிக்குள்ள மச்சாள் நிக்கிறா.